ஐந்தடி மண்ணில் ஒரு மரம்: பூவும் வேண்டும், பழமும் வேண்டும்

பினாங்கு குளுகோரில் அக்கா வீட்டு வாசலில் நின்ற ரம்புத்தான் போன ஆண்டு பட்டுப்போனது. அதை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்த பிறகு, கேட்டுக்கும் கார் போர்ச்சுக்கும் நடுவில் ஐந்தடி அகலம், ஒன்பதடி நீளத்துக்கு வெறும் மண் மிஞ்சியது. தாமான் (குடியிருப்புத் திட்ட) வீடுகளில் இவ்வளவு மண் கிடைப்பதே அபூர்வம். அங்கே என்ன வைப்பது என்ற பேச்சு மூன்று மாதம் ஓடியது. அக்காவுக்குப் பூ வேண்டும். அத்தானுக்குப் பழம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கூப்பிட்டுக் கிளை வெட்டச் சொல்லாத மரம் எனக்கு வேண்டும்.

பழ மரம் எதுவானாலும் பூக்கத்தான் செய்யும். ஆனால் வாசலில் நிற்பவர் கண்ணில் பட வேண்டுமே. இருபது வருஷம் நின்ற அந்த ரம்புத்தானின் பூவை வீட்டில் யாரும் பார்த்ததாக நினைவில்லை. தேனீ மொய்த்தால்தான் "ஓ, பூத்திருக்கு போல" என்பார்கள். ஆகவே பூ என்று சொல்லிக்கொள்ளும்படி பூத்து, பழம் என்று சொல்லிக்கொள்ளும்படி காய்க்கும் மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்புறம் நான் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். நர்சரியில் காட்டும் படத்தில் பூ கிளையில் இருக்கும், பழம் தட்டில் இருக்கும். வீட்டில் இரண்டும் அதிக நேரம் இருக்கப்போவது தரையில். கீழே என்ன விழும், எத்தனை நாளைக்கு விழும், யார் கூட்டுவது?

பினாங்குக்காரன் என்ற பெருமையில் நான் முதலில் சொன்னது ஜாதிக்காய். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இந்தத் தீவில் இறக்கியது. இன்றும் பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் நிற்கின்றன, ஜாதிக்காய்ச் சாறு விற்காத சந்தை இங்கே இல்லை. ஆனால் அதன் பூ சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. வெளிர் மஞ்சளாக இலைக்குள் ஒளிந்திருக்கும். இன்னொரு சிக்கல், ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் வந்த கன்று எந்தப் பக்கம் என்று பூக்கும்வரை தெரியாது. ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகு அது ஆண் என்று தெரிந்தால் அத்தான் முகத்தை யார் பார்ப்பது? முதல் நாளே தள்ளிவைத்தோம்.

அக்கா மனம் போனது மலாய் ஆப்பிள் எனப்படும் ஜம்பு-போல் மேல். தமிழில் எழுதினால் 'ஜம்புவைப் போல ஏதோ ஒன்று' என்று படிக்கத் தோன்றும், நான் என்ன செய்ய, மலாயில் பெயரே அதுதான். பாலிக் புலாவில் சொந்தக்காரர் வீட்டுக்குக் காலையில் போய் இறங்கினோம். மரத்தடி முழுக்க யாரோ கோலப்பொடி கொட்டிவிட்டது மாதிரி ஒரே அடர்ந்த ரோஜா நிறம். நாய் ஒன்று அதன் நடுவில் படுத்திருந்தது. எழுந்து உடம்பை உதறியபோது முதுகெல்லாம் ரோஜா நூல். பூ என்று நாம் பார்ப்பது இதழ்களை அல்ல, கொத்துக் கொத்தாக நிற்கும் கேசரங்களைத்தான். கிளை நுனியில் இல்லாமல், முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலுமே பூக்கும். அதனால் தலைக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, கண்ணுக்கு நேரே பூத்திருக்கும். அக்கா அங்கேயே முடிவுசெய்துவிட்டார். "தம்பி, இதுதான். வேற எதையும் காட்டாத."

பழமும் மோசமில்லை. கரும்சிவப்புத் தோல், பஞ்சு மாதிரி வெள்ளைச் சதை, பன்னீர் வாசம். இனிப்பு கொஞ்சம்தான், வாசனைக்காகவே சாப்பிடலாம். ஆனால் இந்த மரம் நாற்பது அடிக்கு மேல் கூம்பாக எழும்பும். அடர்ந்த இலை, கீழே ஒரு புல்கூட முளைக்காத நிழல். விதைக்கன்றானால் காய்க்க ஏழெட்டு வருஷம். பழத்தின் தோல் மிக மெல்லியது, விழுந்த வேகத்திலேயே சிதைந்துவிடும். ஐந்தடி மண்ணில் வைத்தால் பூக்கம்பளம் பாதி அக்கா வீட்டிலும் மீதி பக்கத்து வீட்டுக் காரின் மேலும் விரியும். கம்பளம் அழகாக இருப்பது ஓரிரு நாள்தான். மூன்றாம் நாள் மழை பெய்தால் பழுப்புக் களியாகி லோங்காங்கை, அதாவது சாக்கடையை, அடைக்கும்.

வளர்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 1976இன்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பட்ட மரத்துக்கு விலக்கு உண்டு, எங்கள் ரம்புத்தான் அதில் வந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஜம்பு-போல் வராது. அதைக் கம்பத்து, அதாவது கிராமத்து, வீட்டுக்காரர்கள் வைக்கட்டும், கடைக்கோடி வீட்டில் இருபதடி பக்கவாட்டு நிலம் உள்ளவர்கள் வைக்கட்டும். அவர்களிடம் இந்த மரத்துக்கு ஈடு வேறு இல்லை என்றே நானும் சொல்வேன்.

அதன் தம்பி ஜம்பு ஆயர். வீட்டு வாசல்களில் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். ரோஜாக் என்ற பழக் கலவையில் செங்குவாங் கிழங்கோடும் அன்னாசியோடும் நறநறவென்று கடிபடும் மணி வடிவப் பழம். பூ வெள்ளையாக, பவுடர் போடும் பஃப் மாதிரி இருக்கும். அக்கா உதட்டைப் பிதுக்கினார். ஆனால் பழ விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. பதியன் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும், பத்தடியில் நிறுத்திவைக்கலாம்.

இதற்கு எதிராக நான் பேசியதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் ஒரு ஜம்பு ஆயர் இருந்தது. பழ ஈ காய் கட்டைவிரல் பருமன் ஆவதற்குள்ளேயே தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும். ஆகவே பிஞ்சிலேயே கொத்துக் கொத்தாகக் காகிதப்பை கட்ட வேண்டும். முதல் இரண்டு போகம் ஆசையாகக் கட்டினேன். மூன்றாம் போகம் வேலைப் பளுவில் விட்டுவிட்டேன். பழம் நல்ல சிவப்பாகத்தான் பழுத்தது. உற்றுப் பார்த்தால் தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதன் மேல் கடுகளவு பிசின். கடித்த பாதிப் பழத்தைப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் துள்ளின. நெளியவில்லை, நிஜமாகவே துள்ளின. பழ ஈயின் புழு உடம்பை வளைத்து எகிறும். அந்தப் போகத்தில் ஒரு வாளி, இரண்டு வாளி என்று அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். மரத்தடியில் விட்டால் அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி அடுத்த போகத்துக்கு வந்து நிற்கும். மரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். பை கட்ட ஏணியில் ஏறினவனுக்குத் தெரியும்.

வீட்டில் ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்து, அவருக்கு உட்கார்ந்து பை கட்டுவதில் ஆசையும் இருந்தால், ஜம்பு ஆயர் வையுங்கள். அத்தான் ஓய்வுபெற்றவர்தான். ஆசை இல்லை.

பெலிம்பிங்கை, அதாவது நட்சத்திரப் பழத்தை, நர்சரிக்காரர் வலியச் சொன்னார். நியாயமான யோசனைதான். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னச் சின்னப் பூ கொத்தாகக் கிளையை ஒட்டிப் பூக்கும், இந்த மண்ணில் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க. பி10, பி17 என்று பெயர்பெற்ற ரகங்கள் மலேசியாவிலேயே உண்டு. பழ ஈத் தொல்லையும் பை கட்டும் வேலையும் இதற்கும் அப்படியே. ஆனால் நாங்கள் இதை விட்டதற்குக் காரணம் வேறு. அத்தானின் அம்மா, எனக்கு அத்தை, அந்த வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. நட்சத்திரப் பழத்தில் உள்ள காரம்பாக்சின் என்ற நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு பழம் போதும். வாசலில் ஆண்டு முழுக்கப் பழுத்துத் தொங்கும்போது எண்பது வயதுக்காரரை யார் காவல் காப்பது?

அதே குடும்பத்துப் புளிப்புக்காய் பெலிம்பிங் பூலோவுக்கும் இதே கதைதான். அடிமரத்திலேயே கருஞ்சிவப்புப் பூ பூத்து, கீழிருந்து மேல்வரை காய் அப்பிக்கிடக்கும், பார்க்க அழகு. மீன் குழம்பில் புளிக்குப் பதில் நாலு போட்டால் அபாரம். ஆனால் ஆக்சலேட் மிக அதிகம். கேரளத்தில் கொலஸ்ட்ராலுக்கு மருந்து என்று அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குழம்புக்கு நாலு காய் வேறு, டம்ளர் கணக்கில் சாறு வேறு. நம் ஆட்கள் வாட்சப்பில் வருவதை எல்லாம் குடித்துப் பார்ப்பவர்கள் என்பதால் சொல்கிறேன்.

மாதுளைக்கு வருவோம். பூவுக்கு என்னிடம் ஓட்டுக் கேட்டால் மாதுளைக்குத்தான் போடுவேன். மெழுகில் செய்த மாதிரி தடித்த சிவப்புக் குடுவை, அதிலிருந்து கசங்கிய பட்டுத்துணி மாதிரி இதழ். வைத்தவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று, "பூ நிறைய வருது, எல்லாம் கொட்டிப்போகுது." கொட்டுகிற பூவை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் புனல் மாதிரி ஒடுங்கியிருந்தால் அது ஆண் பூ, கொட்டத்தான் செய்யும். அடி குடம் மாதிரி உப்பியிருப்பதுதான் காயாகும். ஆகவே கொட்டுவது நோயல்ல. நர்சரியில் அடுக்கு மாதுளையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், ரோஜா மாதிரி அடுக்கடுக்காகப் பூக்கும், பழம் தராது.

பழத்தைப் பொறுத்தவரை, மாதுளை வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் பிறந்தது. பினாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. காய் முதிர ஐந்தாறு மாதம் பிடிக்கும், அத்தனை மாதம் இங்கே எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஈரம்தான். சில நாள் காய்ந்தால் தோல் இறுகிவிடுகிறது. அப்புறம் ஒரு பெரிய மழை. உள்ளே முத்துகள் நீர் குடித்துப் பருக்க, தோல் விரிய முடியாமல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மறுநாளே பூஞ்சை. ஆனால் கோலாலம்பூர்க்காரர்களைவிட நமக்கு ஒரு சின்ன வசதி உண்டு. அங்கே ஏப்ரலிலும் நவம்பரிலும் மழை உச்சத்துக்குப் போகும், நடுவில் உருப்படியாகக் காயும் மாதம் என்று ஒன்றும் இல்லை. இங்கே ஜனவரி, பிப்ரவரியில் ஓரளவு காய்கிறது. செப்டம்பர் வாக்கில் பிஞ்சு பிடித்த காய் அந்த வறட்சியில் முதிர்ந்தால் முழுசாகக் கைக்கு வரும். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக. கடையில் வாங்கும் பழத்தோடு ஒப்பிட்டு மனம் நோகக் கூடாது.

இதன் பெரிய பலம், சட்டியிலேயே வளரும். பதினெட்டு அங்குலச் சட்டி, வெயில் விழும் மூலை, அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே விழுவது நாலு சிவப்புப் பூ, அதையும் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள்.

மகிழ மரத்தையும் ஒருவர் சொன்னார். பேச்சுக்கு நன்றாக இருந்தது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரத்தடி அதுதானே. இங்கே மலாய்க்காரர்கள் புங்கா தாஞ்சோங் என்பார்கள், சாலையோரங்களில் நிறைய உண்டு. பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கும், அதுவும் வாசலில் நட்சத்திரம் நட்சத்திரமாக உதிர்ந்து. பழமும் உண்ணத்தக்கதுதான், ஆரஞ்சு நிறத்தில் ஆலிவ் அளவு. ஆனால் மாவு மாதிரி, துவர்ப்பு. இரண்டாவது பழத்தை யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வௌவால் சாப்பிடும். மெதுவாக வளரும் பெரிய மரம். கோயில் வளாகத்துக்குச் சரி.

நான் நெடுநாளாக ஆசைப்பட்டது கெமுந்திங். மணல் பாங்கான இடங்களிலும் பழைய ஈயச் சுரங்க நிலங்களிலும் தானாக வளரும் புதர். தைப்பிங் பக்கத்தில் உள்ள கமுந்திங் ஊருக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான். நம் ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் 2007இல் இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத் தலைவர்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும், ஒரு பூச்செடியின் பெயர் என்பதே தோன்றாது. பூ ஆழ்ந்த ரோஜா நிறத்தில் விரிந்து, நாளாக ஆக வெளிறி வெள்ளையாகும். அதனால் ஒரே செடியில் மூன்று நிறம் தெரியும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தடவை போனபோது, வண்டி ஓட்டியவர் சாலையோரப் புதரில் கறுத்த பழத்தைப் பறித்துக் கொடுத்து "தவிட்டுப்பழம், சாப்பிடுங்க சார்" என்றார். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, நம்ம கெமுந்திங். இரண்டாள் உயரத்தைத் தாண்டாது, பூவும் உண்டு, பழமும் இனிக்கும். எல்லாப் பொருத்தமும் இருக்கிற மாதிரி தோன்றியது.

பொருந்தாதது மண். கெமுந்திங்குக்குப் புளிப்பு மண் வேண்டும். அக்கா வீட்டு மண்ணில் ஒரு முழம் தோண்டியதும் மண்வெட்டி சிமெண்டுக் கட்டியில் இடித்தது, அப்புறம் உடைந்த செங்கல், ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன மிச்சம். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு ஊறி ஊறி மண் காரமாகிக் கிடக்கிறது. அங்கே கெமுந்திங் வைத்தால் இலை மஞ்சளடித்துச் சோம்பி நிற்கும். மண்ணை முழுக்க மாற்றத் தெம்பும் பணமும் உள்ளவர்கள் முயலலாம். கன்று கிடைப்பதும் எளிதல்ல, சாதாரண நர்சரியில் கேட்டால் வேறு எதையோ எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தச் சிமெண்டுக் கட்டியே எங்களை பார்படோஸ் செர்ரி பக்கம் திருப்பியது. அசெரோலா என்பதும் இதைத்தான். சுண்ணாம்பு மண்ணை இது பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. பூ சின்னது, கட்டைவிரல் நகம் அளவு. ஆனால் ஐந்து இதழும் விளிம்பு சுருக்கிய ரிப்பன் மாதிரி, இளஞ்சிவப்பாக. நாலு நாள் காய்ந்து ஒரு மழை பெய்தால் போதும், செடி முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். பூத்து மூன்று நான்கு வாரத்தில் பழம். ஜம்பு-போல் மாதிரி ஆண்டுக்கு ஓரிரு தடவை என்றில்லை, ஆண்டில் பல தடவை இந்த ஆட்டம் நடக்கும். ஏழெட்டு அடியில் வெட்டி நிறுத்தலாம், குத்துச்செடியாகவும் விடலாம், ஒற்றைத் தண்டாக ஏற்றிச் சின்ன மரமாகவும் ஆக்கலாம். அக்கா மரம்தான் வேண்டும் என்றதால் பக்கக் கிளைகளை எடுத்து ஒற்றைத் தண்டாக ஏற்றிவருகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. இளம் இலையில் கண்ணுக்குத் தெரியாத சுணை உண்டு. முதல் தடவை அரைக்கைச் சட்டையோடு கிளை வெட்டிவிட்டு இரவெல்லாம் முழங்கையைச் சொறிந்தேன். பழம் புளிப்பு, முழுக்கச் சிவந்தால்தான் இனிப்பு எட்டிப் பார்க்கும். பறித்த இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். தின்று முடியாததை ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட வேண்டியதுதான். வைட்டமின் சி 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல், ஆரஞ்சில் ஏறக்குறைய 50தான். அதற்காக அத்தைக்குக் கொடுத்துவிட முடியாது, அளவு மீறிய வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், பழுதான சிறுநீரகத்துக்கு அதுவும் ஆகாது. நல்லவேளை, அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து "இது என்ன, புளியங்காயா?" என்று துப்பிவிட்டார். இவருக்கு இந்தப் புளிப்பே போதும் காவலுக்கு.

கீழே விழும் கணக்கிலும் இது தேறியது. பூ உதிர்ந்தால் அரிசிப்பொரி தூவின மாதிரி இருக்கும், ஒரு வீச்சு விளக்குமாறு போதும். பழம் விழுந்தால் டைல்ஸில் சிவப்புக் கறை, தண்ணீர் ஊற்றினால் போய்விடும். விழுவதற்கு முன்பே பாதியைச் சின்னானும் மைனாவும் குயிலும் முடித்துவிடுகின்றன.

ஆகவே மண்ணில் செர்ரி, கேட் ஓரம் சட்டியில் மாதுளை. இரண்டையும் வைத்து ஓராண்டு ஆகப்போகிறது. மாதுளை இதுவரை ஒரே ஒரு பழம் தந்திருக்கிறது, அதுவும் வெடித்தது. ஆனால் அதற்கு வேறொரு கிராக்கி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஆ சிம் எங்காவது துக்க வீட்டுக்குப் போய்வந்தால் நேராக எங்கள் கேட்டுக்கு வந்து "மிந்தா டாவுன் சிக்கிட்" என்று நாலு மாதுளை இலை வாங்கிப் போகிறார். அதைத் தண்ணீரில் போட்டுக் கை கால் முகம் கழுவினால்தான் வீட்டுக்குள் நுழைவார். பதிலுக்கு அவர் வீட்டு லீமாவ் கஸ்தூரி, அந்தக் குட்டி எலுமிச்சை, ஒரு பை நிறைய வரும்.

அக்கா மட்டும் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் போனபோது சமையலறை ஜன்னலோரம் ஒரு பால் டின் இருந்தது. அதில் மண், மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இரண்டு பளபளப்பான இலை. பாலிக் புலாவிலிருந்து விதையை எப்போது கொண்டுவந்தார் என்று தெரியவில்லை.

"என்னக்கா இது?"

"சும்மா, பார்க்கலாமேன்னு. டின்லதான் இருக்கு, உன்னை என்ன பண்ணுது?"